ஞாயிற்றுக்கிழமைப் பெட்டிகள்

1

சென்ற மாதம் இங்கே மைன்ஸ் நகரில் ஒரு தமிழ்ப் பையனின் பிறந்தநாளுக்குப் போயிருந்தோம். ஜெர்மனிக்குப் புதிதாக வந்திருந்த ஒரு பெண், கேசரித் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வேலைக்குப் போறீங்களா, இல்ல வீட்ல சும்மாதானா?" என்று கேட்டாள். எனக்கு இந்தச் 'சும்மா'வைக் கேட்டாலே சுர்ரென்று ஏறும். "சும்மா இல்லம்மா, பெட்டி அடுக்குறேன்" என்றேன். பாவம், ஏதோ கிடங்கில் சுமை தூக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு, முதுகுவலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சகாயம் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து போனார்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களும் அப்படி நினைத்துவிட வேண்டாம். நான் அடுக்குவது கம்ப்யூட்டர் பெட்டிகள். பழைய விளையாட்டு ஒன்று இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் ஒரு கிடங்கு, நாலு சுவர், உள்ளே ஓர் ஆள், சில பெட்டிகள், அவற்றை வைக்க வேண்டிய இடங்கள். ஆள் பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தள்ளலாம். அவ்வளவுதான் சட்டம். இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களை உட்காரவைத்து ஒரு லெவல் ஆடச் சொன்னால் போதும், இரவுச் சாப்பாட்டை மறந்துவிடுவார்கள்.

விளையாட்டோடு வந்த லெவல்கள் தீர்ந்துபோனதும், உலகம் முழுக்க அதன் ரசிகர்கள் தாங்களே புது லெவல்கள் செய்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளத் தொடங்கினார்கள். அவற்றைச் சேர்த்து, யார் செய்தது என்று பெயர் போட்டு, எளிது கடினம் என்று பிரித்து, ஒரே லெவல் இரண்டு முறை வந்தால் களைந்து, தீர்வு உண்டா என்று சோதித்து வைக்க ஓர் ஆள் வேண்டுமல்லவா? அப்படிப்பட்ட சிலரில் நானும் ஒருத்தி. சம்பளம் கிடையாது. சகாயத்தைக் கேட்டால் மரியாதையும் கிடையாது என்பார்.

2

தொண்ணூறுகளின் நடுவில் கல்யாணமாகி இங்கே வந்தேன். எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, மொழி இல்லை, பேச ஆள் இல்லை. பனி பெய்யும் ஜன்னலையே எவ்வளவு நேரம் பார்ப்பது? சகாயம் ஆபீஸில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கி வந்தார், அதில் இந்த விளையாட்டு இருந்தது. பெட்டிக்கு ஜெர்மன் தெரிய வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

திண்டுக்கல்லில் எனக்கு இருப்பது ஒரே அக்கா. பெயர் புஷ்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாகல்நகரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறாள். ஊரில் பாதி குமாஸ்தாக்கள் அவளிடம் ஸ்கேலால் விரலில் அடி வாங்கியவர்கள். பிற்பாடு மிஷின்களுக்குப் பக்கத்தில் இரண்டு கம்ப்யூட்டரும் வாங்கிப் போட்டாள்.

லீனாவுக்கு ஐந்து வயது இருக்கும்போது ஊருக்குப் போயிருந்தோம். லீனா என் மகள், இங்கேயே பிறந்தவள். அந்த லீவில் ஒரு மத்தியானம் அக்காவுக்கு இந்த விளையாட்டைக் காட்டினேன். "செத்த நேரம் பாத்துட்டுத் தாரேன்" என்று உட்கார்ந்தவள், விளக்கு வைக்கும் நேரம்வரை எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு நான்தான் சோறு வடித்தேன், வெஞ்சனம் வைத்தேன்.

"இதெல்லாம் யாருடி செய்றது?" என்றாள் கடைசியில்.

"நம்மள மாதிரி ஆளுகதான். நீயும் செய்யலாம்."

எப்படி என்று காட்டினேன். லெவலைப் படமாக வரைய வேண்டியதில்லை, கீபோர்டில் இருக்கும் குறிகளாலேயே அடித்துவிடலாம். சுவருக்கு #, பெட்டிக்கு $, வைக்க வேண்டிய இடத்துக்கு ஒரு புள்ளி, ஆளுக்கு @. அக்கா சிரித்துவிட்டாள். "அடியே, இது நான் தெனம் அடிக்கிற அடிதான" என்றாள். லெவல் செய்கிறவர்கள் எல்லாரும் மவுஸைப் பிடித்து ஒவ்வொரு சுவராக நகர்த்திக்கொண்டிருக்க, இவள் பார்க்காமலே படபடவென்று அடித்துத் தள்ளினாள். நான் ஜெர்மனி திரும்பிய பிறகு ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்து வந்து ஒரு லெவல் அனுப்புவாள். எனக்கு ஞாயிறு காபி குடிக்கும் நேரத்தில் அது வந்து நிற்கும்.

லெவலுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். மற்றவர்கள் 'நீலப் புதிர்', 'சிலந்தி வலை' என்று வைப்பார்கள். அக்கா 'சிறுமலை ஏத்தம்', 'கொடைரோட்டுல எறங்கு', 'குஜிலியம்பாறை கடைசி பஸ்' என்று வைத்தாள். நார்வேயில் இருந்து ஒருவர், 'குஜிலியம்பாறை' மிக அருமை, ஆனால் இதை எப்படி உச்சரிப்பது என்று கேட்டு எழுதினார். அக்காவிடம் சொன்னேன். "அந்தப் பஸ்ஸப் பிடிக்கிறதுதான் கஷ்டம், சொல்றது என்ன கஷ்டம்?" என்றாள்.

3

சேகரிப்பவளுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு லெவலைக் கண்ணாடியில் பார்த்தது மாதிரி திருப்பினாலும், பக்கவாட்டில் சாய்த்தாலும், அது அதே லெவல்தான். முதலில் வந்தது நிற்கும், பின்னால் வந்தது போகும். அக்கா அனுப்பிய ஒரு லெவலைத் திருப்பிப் பார்த்தால், செக் நாட்டு ஆள் ஒருவர் இரண்டு வருடத்துக்கு முன்பே செய்தது. சின்ன லெவல்களில் இப்படித் தற்செயலாக நடப்பதுதான். எடுத்துவிட்டு, எல்லாருக்கும் எழுதுகிற மாதிரியே அவளுக்கும் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் குரலே வேறாக இருந்தது. "அந்தாளு நாகல்நகர் வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிருப்பான். நல்லா விசாரி."

"அக்கா, அவரு உனக்கு முன்னாடியே செஞ்சுட்டாரு."

"அதான் சொல்றேன், மனசுல நெனைக்கும்போதே எடுத்துட்டுப் போயிட்டான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அக்கா சிரித்துக்கொண்டே கோபப்படுகிறவள். அது எனக்குத் தெரியும்.

4

இந்த இடத்தில் என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போவதென்றால் முதல் நாள் இரவே காகிதங்களை மூன்று முறை எண்ணிப் பார்ப்பேன். நம்பர் சீட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு காகிதம் கொண்டுபோனால் வேறொன்று கேட்பார்கள், அதைக் கொண்டுபோனால் முதல் காகிதம் காலாவதியாகியிருக்கும். ஒருமுறை லீனாவுக்குப் பள்ளி லீவு, அவளையும் கூட்டிப் போனேன். பொழுது எப்படிப் போகிறது என்று அந்த அதிகாரி அம்மாள் மரியாதைக்குக் கேட்டாள். வீட்டில் இருந்தபடி பெட்டிகளைச் சேர்த்து அடுக்குகிறேன் என்று என் ஜெர்மனில் சொன்னேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்படியானால் நாட்டை விட்டுப் போகிறீர்களா, பிறகு எதற்கு விசா நீட்டிப்பு என்று கேட்டாள்.

பக்கத்தில் இருந்த லீனா, ஏழு வயதுப் பிள்ளை, என் கையைப் பிடித்து அமுக்கிவிட்டு கடகடவென்று எல்லாவற்றையும் விளக்கினாள். அதிகாரி சிரித்தாள், முத்திரை விழுந்தது. வெளியே வந்ததும், "அம்மா, அடுத்த தடவை நீ பேசாத, நான் பேசுறேன்" என்றாள். அதையும் ஜெர்மனில்தான் சொன்னாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். வீட்டில் அது பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில்தான் சங்கடம். அக்கா ஒவ்வொரு வாரமும் ஆசையாக, "பிள்ளகிட்ட குடு" என்பாள். லீனா 'ஹலோ' என்பாள். அக்கா, "சாப்டியா ஆத்தா? என்ன சாப்ட்ட? படிக்கிறியா?" என்று கேட்டுக்கொண்டே போவாள். இவள் போனுக்குத் தலையாட்டுவாள். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டிவிட்டு ஓடிவிடுவாள். "போயிட்டாளா?" என்று அக்கா கேட்கும்போது எனக்கு எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

5

லீனாவுக்கு எட்டு வயதானபோது, குளிர்காலம் முடியும் நேரத்தில், அக்காவின் லெவல் வருவது நின்றுபோனது.

முதல் ஞாயிறு வரவில்லை. கரண்ட் இருந்திருக்காது என்று விட்டுவிட்டேன். இரண்டாவது ஞாயிறும் வரவில்லை. போன் செய்தேன்.

"என்னக்கா, லெவல் ஒன்னும் காணோம்?"

"வேல கெடக்குடி."

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். வேற சொல்லு."

"நான் போன வாரம் அனுப்புன லெவல ஆடிப் பாத்தியா?"

"அதப் பத்திப் பேச்சு வேணாம். வேற ஏதாச்சும் இருந்தாப் பேசு."

வேறு என்ன இருக்கிறது பேச? அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வருடமாக நாங்கள் பேசியதெல்லாம் பெட்டியைப் பற்றித்தான். அந்தப் பெட்டியை எடுத்துவிட்டால் நீ சாப்பிட்டாயா, நான் சாப்பிட்டேன், அங்கே குளிரா, இங்கே வெயில், அதற்குமேல் ஒரு வார்த்தை ஓடவில்லை. அந்தச் செக் ஆள் விஷயம்தான் மனதில் கிடக்கிறது, அதனால்தான் ஒதுங்குகிறாள் என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் அவள் போனையே எடுக்கவில்லை. அம்மா அப்பா போன பிறகு ஊர் என்று எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான். அவளும் என்னை விட்டுவிட்டால் திண்டுக்கல் எனக்கு வெறும் பெயர்ப்பலகை. அன்றைக்கு ஒரு காரணமும் இல்லாமல் சகாயத்தோடு சண்டை போட்டேன். லீனா ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

நான்காவது வாரத்தின் நடுவில் போன் அடித்தது. அக்கா! வெளிநாட்டுக்கு அவளாகப் போன் செய்கிறவளே இல்லை.

"ஏய் செலினு, பிள்ள எங்க?"

"ஸ்கூலுக்குப் போயிருக்கா. என்னக்கா, யாருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒன்னுமில்ல. பிள்ள எனக்கு லெவல் செஞ்சு அனுப்பிருக்கு, நீ பாத்தியா இல்லையா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "லீனாவா? எதுல அனுப்புனா?"

"உன் மெயில்ல இருந்துதான் வந்துருக்கு. கூடவே தமிழ்ல எழுதிருக்குடி. இங்கிலீசு எழுத்துதான், ஆனா தமிழு. 'பெரியம்மா, இது நான் செஞ்சது. நீங்க ஆடுங்க. அம்மா உங்க பெட்டிக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க.'" அக்கா அதை நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினாள். "இம்புட்டும் அதுவாத்தான் எழுதுச்சா?"

சாயங்காலம் லீனாவை விசாரித்தபோது, வார்த்தைகளை மட்டும் அப்பாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள் என்று தெரிந்தது. அவர் என்னிடம் மூச்சு விடவில்லை.

"ஏன்க்கா, எம்மேல கோவமா நீ?" என்று அந்தப் போனிலேயே கேட்டேன். "அந்தச் செக் நாட்டுக்காரனுக்காகவா மூணு வாரமா ஒன்னும் அனுப்பல?"

"எந்தச் செக்கு? கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? தவக்காலம் நடக்குதுடி. நெத்தியில சாம்பல் பூசுனியா இல்லையா?"

இந்த ஊரில் தவக்காலத்துக்கு முன்னால் பெரிய கோமாளித் திருவிழா நடக்கும். திங்கட்கிழமை ஊர்வலத்துக்கு லீனாவுக்குக் கோமாளிச் சட்டை தைத்தேன், தெருவில் எறிந்த மிட்டாய்களைப் பொறுக்கினோம். அதற்கு இரண்டு நாள் கழித்து வருவது தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. எங்கள் வீட்டில் சின்ன வயதில் அந்தப் புதன் வந்தால், பிடித்த ஒன்றை ஈஸ்டர்வரை விட்டுவிட வேண்டும். அப்பா பீடியை விடுவார், அதோடு சேர்த்து நிதானத்தையும் விட்டுவிடுவார். அக்கா எதை விட்டாள் என்று ஒருவருக்கும் தெரியாது.

"பூசல, எனக்குத் தெரியும்" என்று அவளே சொன்னாள். "நான் ஒவ்வொரு வருசமும் டீய விடுவேன், கறிய விடுவேன். விட்டு விட்டு அதெல்லாம் பழகிப்போச்சு, ஒரு கஷ்டமும் இல்ல. அதான் இந்த வருசம் பெட்டிய விட்டேன்."

"சொல்லித் தொலைய வேண்டியதுதான? நான் இங்க செத்துப் பொழச்சேன்."

"ஊருக்கெல்லாம் சொல்லிட்டுச் செஞ்சா அது ஒறுத்தலாடி? ஒன்கிட்டப் பேசுனா பெட்டிப் பேச்சுதான் வரும். அதான் போன வாரம் போன எடுக்கல. கைய விட்டாலும் மனசு விட மாட்டேங்குது. கண்ண மூடுனா பெட்டியா நிக்குது. பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்டயே கேட்டுப்புட்டேன், மனசுக்குள்ள பெட்டி தள்ளுனா நோன்பு முறியுமா ஃபாதர்னு. அவரு 'எந்தப் பெட்டி?'ங்கிறாரு. நான் வெளக்கி முடிக்கிறதுக்குள்ள பின்னாடி நின்ன சனமெல்லாம், இவ என்ன அம்புட்டுப் பெரிய பாவம் பண்ணிட்டு வந்துருக்கான்னு எட்டி எட்டிப் பாக்குது."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன் என்று சொல்லலாம். மூன்று வாரமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

"சரி, எந்தக் கருத்துக்குக்கா விட்ட?" எதையாவது இப்படி விட்டு ஒறுத்தால், இதற்காக என்று ஒன்றை மனதில் வைத்து ஒப்புக்கொடுப்பது எங்கள் வழக்கம்.

"வேற என்னடி கேப்பேன்? இந்தப் பிள்ள எங்கிட்ட ஒரு வார்த்த பேசணும். நான் செத்துப்போனா, யாரோ ஒரு பொம்பள போன்ல சாப்டியா சாப்டியான்னு கேட்டுச்சுன்னுதான அதுக்கு ஞாபகம் இருக்கும்? அத நெனச்சா எனக்குத் தூக்கம் வரல."

"அப்போ லீனா அனுப்புனத ஈஸ்டர் முடிஞ்சுதான் ஆடுவியா?"

"போடி இவளே. கேட்டது வந்துருச்சு, இனி எதுக்கு நோன்பு? நேத்தே தொறந்துட்டேன்."

போனை வைக்கப் போனவள், குரலைத் தாழ்த்தினாள். "செலினு, அந்த லெவல நீ இன்னும் பாக்கலேல்ல? பாத்தா உனக்கே தெரியும். ஒரு பெட்டி சுவத்துல ஒட்டிக் கெடக்கு. முடியாது அது. பிள்ளகிட்ட சொல்லிப்புடாத. நான் ஆடிக்கிட்டுத்தான் இருப்பேன்."

7

திறந்து பார்த்தேன். அக்கா சொன்னது சரி. சிறு கிடங்கு, மூன்று பெட்டி. இரண்டை ஒழுங்காகத் தள்ளிவிடலாம். மூன்றாவது சுவரை ஒட்டி நிற்கிறது. அது போய்ச் சேர வேண்டிய இடமோ சுவரிலிருந்து ஒரு கட்டம் தள்ளி இருக்கிறது. இழுக்க முடியாத விளையாட்டில், சுவரோடு ஒட்டிய பெட்டியை விலக்க யாராலும் முடியாது. என் சோதனை நிரலும் கண்மூடித் திறப்பதற்குள் 'தீர்வு இல்லை' என்றது. வேறு யார் அனுப்பியிருந்தாலும் இரண்டு வரி எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன். இதை ஒன்றும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லீனாவே ஊருக்குப் போன் போட்டாள். "பெரியம்மா, முடிஞ்சிருச்சா?" என்றாள். தமிழில். இன்னும் இல்லை, பெரிய கில்லாடி லெவலாகச் செய்துவிட்டாயே என்றாள் அக்கா. அடுத்த ஞாயிறும் அதே கேள்வி, அதே பதில். அதற்குப் பின்னால் பேச்சு வளர்ந்தது. எந்தப் பெட்டியை முதலில் தள்ளினீர்கள், வலப்பக்கமா, இடப்பக்கமா என்று ஆரம்பித்தவள், ஸ்கூலில் ஒரு பெண் தன்னோடு பேசாததையும் சர்ச்சில் முதல்முறை புதுநன்மை வாங்கும் நாளுக்கு எடுத்த கவுனையும் சொல்லத் தொடங்கினாள். வார்த்தை கிடைக்காவிட்டால் ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்பாள். இப்போது கேட்பதும் குறைந்துவிட்டது. அக்காவின் பேச்சு அப்படியே ஒட்டிக்கொண்டு, ஒருநாள் ஜெர்மன் டீச்சருக்கு முன்னால் என்னிடம் "வாரேன்மா, செத்த இரு" என்றாள். அந்த டீச்சர் இது எந்த மொழி என்று கேட்டார்.

நாலு வருடமாகிவிட்டது. அக்கா மறுபடி ஞாயிறுதோறும் லெவல் அனுப்புகிறாள், உலகம் முழுக்க ஆடுகிறார்கள். லீனாவின் லெவலை மட்டும் அவள் இன்னும் முடிக்கவில்லை.

போன வாரம் முழுச் சேகரிப்பையும் புதுக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். லீனா பின்னால் வந்து நின்றாள். பன்னிரண்டு வயது, என் தோள் உயரம் வந்துவிட்டாள். திரையில் அவள் லெவல்தான் இருந்தது. வளர்ந்துவிட்டாள், இனிச் சொன்னால் தாங்குவாள் என்று நினைத்து மெதுவாக ஆரம்பித்தேன்.

"லீனா, இந்த லெவல்ல ஒரு விஷயம்..."

"தெரியும்மா" என்றாள். "அந்தச் சுவத்துப் பெட்டி வராது. அனுப்புன மறுவாரமே கண்டுபிடிச்சுட்டேன்."

"அப்புறம் ஏன் வாராவாரம் பெரியம்மாகிட்ட முடிஞ்சிருச்சான்னு கேக்குற?"

கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, என் காதுக்கருகில் குனிந்தாள். "நீ சொல்லிடாதம்மா. பாவம், பெரியம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா, அப்புறம் என்கிட்டப் பேசுறதுக்கு அவங்களுக்கு என்ன இருக்கு?"

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். அவள் ஹாலுக்குப் போய், ஊருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கினாள். அக்காவின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"ரெண்டு பெட்டி உள்ள போயிருச்சு ஆத்தா. ஒன்னே ஒன்னுதான் பாக்கி. அது மட்டும் வர மாட்டேங்குது."

"அவசரம் இல்ல பெரியம்மா" என்றாள் லீனா. "மெதுவா ஆடுங்க."